முப்பத்தொன்றாம் நம்பர் போனில் பேசியது

பெயர்: பொன்மணி. வயது: 46. கணவர் பெயர்: ஊர்க்காவலன். விலாசம்: 3/114, கிழக்குத் தெரு, மேலக்கரிசல்பட்டி, தாயில்பட்டி வழி, வெம்பக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம். படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: பட்டாசு ஆலையில் கேட் சோதனை வேலை. 07.10.2024 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தானாக வந்து, உதவி ஆய்வாளர் கற்பகம் முன்பாகச் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் மகன்கள் இருவரும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார்கள். இந்த வழக்கு சம்பந்தமாக 24.09.2024 அன்று எங்கள் கம்பெனி கேட்டில் வைத்து என்னை ஏற்கெனவே விசாரித்தார்கள். அன்று நான் சொன்னது பொய். அதைச் சொல்வதற்காக, யாரும் கூப்பிடாமல், நானாகவே பஸ் ஏறி இன்று வந்திருக்கிறேன். வருவது என் கணவருக்குத் தெரியும். அவர் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ அதன் தாயாரின் பெயரையோ எழுதக் கூடாது என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார்கள். அதனால் பிள்ளையை அந்தப் பிள்ளை என்றும், தாயாரை நான் கூப்பிடுகிறபடி மதினி என்றும் சொல்லுகிறேன். ஒரு பிள்ளையின் பெயரை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இந்த ஸ்டேஷனுக்கு வந்துதான் தெரிகிறது. மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் லாரி டிரைவர். வடக்கே பட்டாசு லோடு கொண்டுபோனால் சீசனில் இருபது, இருபத்தைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பதினாறு வயது, பதினோராம் வகுப்பு படித்தது. என்னை அத்தை என்று கூப்பிடும். மதினியின் தம்பி மாரிக்கண்ணன், வயது 27, எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. மூன்று வருடமாக அக்காள் வீட்டிலேயே இருந்தான். அண்ணன் ஊரில் இல்லாதபோது அந்த வீட்டுக்கு ஆம்பிளை என்று நாங்கள் எல்லோரும் சொன்னது அவனைத்தான்.

நான் எம். புதுப்பட்டி போகிற ரோட்டில் இருக்கும் கனகசபாபதி முதலாளியின் பட்டாசு ஆலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் உள்ளே போகிற பெண்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. நைலான் சேலை கட்டி வந்தால் திருப்பி அனுப்புவேன். கொண்டை ஊசி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. என் அறையில் அறுபது கட்டங்கள் உள்ள மரப்பெட்டி இருக்கிறது. போனை வாங்கிக் கட்டத்தில் வைத்துவிட்டு அந்தக் கட்டத்தின் நம்பர் போட்ட தகர வில்லையைக் கையில் கொடுப்பேன். வில்லையைத் திரும்பக் கொடுத்தால்தான் போன் கிடைக்கும். மதினியின் நம்பர் முப்பத்தொன்று.

போனை அணைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். யாரும் அணைப்பதில்லை. பெட்டியில் போன் அடித்தால் நான் தொடக் கூடாது. முதல் இரண்டு வருடம் தொடவில்லை. அதன் பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடாமல் போன் அடித்தபோது எடுத்துப் பேசினேன். அந்தப் போனுக்குரியவள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிலிருந்து எல்லோருடைய போனையும் எடுக்க ஆரம்பித்தேன். யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் சண்டை, யார் மாமியார் ஆஸ்பத்திரியில், எல்லாம் எனக்குத் தெரிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். அது எனக்குப் பெருமையாக இருந்தது. உதவி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூக்கை நுழைக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்து நாறடித்திருப்பேன்.

எங்கள் கேட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. கெட்ட சேதி உள்ளே போகக் கூடாது. வெடிமருந்து அடைக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கை நடுங்கினால் அவளோடு போகாது, பக்கத்து அறைகளும் சேர்ந்து போகும். அதனால் சாவுச் சேதி வந்தால்கூட, வேலை முடிந்து, கைகால் கழுவி, கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் சொல்லுவோம். என் தகப்பனார் இறந்த சேதியை எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மதினி வேலை பார்ப்பது மருந்து அடைக்கிற அறையில்.

இனி ஊர்க் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். 15.08.2024 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிராம சபை நடந்தது. அதற்கு முந்தின மாதம், எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த செவிலியர் எழில், பக்கத்து ஊரைச் சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைக் கருவைக் கலைக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாகவும், பிள்ளையின் தகப்பனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்ததாகவும் பேச்சு வந்தது. அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டில் நின்றுகொண்டு அறுபது பேருக்கு அதைச் சொன்னது நான். கிராம சபையில் இதை எடுக்க வேண்டும் என்று தலைவர் ராஜபாண்டியன் வீட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனதும் நான்.

கூட்டத்தில் நான்தான் முதலில் எழுந்து பேசினேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இந்த மாதிரிக் காரியமாகச் செவிலியரிடம் வந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன்னால், அந்த மணி நேரத்திலேயே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அப்படித் தீர்மானம் போட வேண்டும் என்று சொன்னேன். அதன் பிறகு எழில் எழுந்தது. அதற்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். சட்டப்படி பெரியவர்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, அதை நான் மீறப் போவதில்லை, யாரிடம் எப்போது சொல்வது என்பதை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

அது சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "யாருகிட்டச் சொல்லட்டும்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். அன்னைக்குச் சாயங்காலமே நானே நேர்ல வந்து சொல்லுதேன். சில வீட்டுல பயமே வீட்டுக்குள்ளதான் இருக்கும்."

நான் விடவில்லை. "பிள்ளைகிட்ட உத்தரவு வாங்கித்தான் பெத்தவகளுக்குச் சொல்லுவீகளோ? எங்க வீட்டுல என்ன பேயா இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். எழில் உட்கார்ந்துவிட்டது. நான் நன்றாகப் பேசியதாக எண்ணிக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் கை தூக்கப் பெண்கள் கூச்சப்பட்டதால் தலைவர் சீட்டுப் போடச் சொன்னார். வெடிக்குச் சுற்றுகிற கலர்த்தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்தோம். உடனே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றால் சிவப்பு, செவிலியர் சொன்னபடி விடலாம் என்றால் பச்சை. ஒரு எவர்சில்வர் குடத்தில் போட வேண்டும். தாள் வெட்டியது அந்தப் பிள்ளை. சிறுசுகளுக்கு ஓட்டுக் கிடையாது, வேலை மட்டும் உண்டு. வெட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம், "அத்தை, பச்சை கொஞ்சமா இருக்கே, இன்னும் வெட்டட்டா?" என்று கேட்டது. பச்சை யாருக்கு வேணும், போதும் என்று கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டேன். அது கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதை அன்று பார்த்தேன். இன்றுதான் யோசிக்கிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் மதினி நின்றார். எந்தக் கலர் என்று என்னிடம் கேட்டார். சிவப்பை அவர் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டேன். எண்ணியதும் நான்தான். சிவப்பு எண்பத்து மூன்று, பச்சை பத்தொன்பது. தீர்மானத்தை எழுதி, சுகாதார நிலையத்தின் கதவில் ஒட்டினார்கள். பசை தடவியது நான்.

23.09.2024 திங்கட்கிழமை காலை 8 மணிக்கு நான் வழக்கம்போல் கேட்டில் வேலைக்கு நின்றேன். தீபாவளிச் சீசன் என்பதால் கூட்டம் அதிகம். மதினி போனைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைக்கு வயிற்று வலி, பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொன்னார். அவர் அறையில் கூட வேலை பார்க்கும் பெண் அன்று வரவில்லை. மதினி தனியாகத்தான் இருந்தார்.

காலை 10.40 மணிக்கு முப்பத்தொன்றாம் கட்டத்தில் போன் அடித்தது. நின்றது, மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தேன். நர்ஸ் எழில் என்று பெயர் வந்தது. எடுத்தேன். நான் ஹலோ என்று சொல்வதற்குள் எழில் பேச ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, பயப்படாதீக. பாப்பா எங்கிட்டத்தான் இருக்கு. நாள் தள்ளிப்போயிருக்கு, மூணு மாசம் இருக்கும். தீர்மானப்படி உடனே சொல்லணும், அதான் போன்லயே சொல்லுதேன். நீங்க மட்டும் வாங்க. மாமாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அழுகுது. அது ஒண்ணத்தான் கேக்குது."

நான் "ம்" என்றேன். நான் பொன்மணி பேசுகிறேன் என்று சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. சொல்லியிருந்தால் மிச்சச் சேதி எனக்குக் கிடைத்திருக்காது. அதனால் சொல்லவில்லை. எழில் என்னை மதினி என்றே நினைத்துப் பேசியது. அது மதினியோடு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் பேசியதில்லை. பேச்சு முடிந்ததும் மதினியைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டைத் தாண்டிப் பத்தடி உள்ளே போனேன். கெட்ட சேதி உள்ளே போகக் கூடாது என்ற ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். போர்மேன் பெத்தணனிடம் சொல்லி, வேறு ஏதாவது சாக்குச் சொல்லி மதினியை வெளியே வரவழைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் பெத்தணன் என்னவென்று கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் மாரிக்கண்ணன் லாரி பாஸில் கையெழுத்து வாங்க கேட்டுக்கு வந்தான். அக்காள் போன் என் கையில் இருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டான். நான் சொன்னேன். அவனைத் தாய்மாமன் என்று பார்த்தேன். அந்தப் பிள்ளை பெரியவளானபோது இருபத்தோரு தட்டுச் சீர் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். எங்களில் பிள்ளைக்கு நல்லது கெட்டது எதுவானாலும் மாமன் காதில்தான் முதலில் போடுவோம். மாமனுக்குச் சொன்னால் தாய்க்குச் சொன்னதுதான் என்று நினைத்தேன்.

அவன் முகம் மாறியது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எந்த மாமனும் முதலில் கேட்பது யார் அந்தப் பயல் என்றுதான். அவன் அதைக் கேட்கவே இல்லை. "பிள்ளை வேற என்ன சொல்லுச்சாம்?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை, உனக்குத் தெரியக் கூடாது என்று அழுகிறதாம், நீ அடிப்பாய் என்று பயம் போல என்று சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன்.

அதன் பிறகு அவன், அக்காளுக்கு இப்போது சொல்ல வேண்டாம், மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள், நான் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு கேட்டுக்கே வந்துவிடுகிறேன், அக்காள் வெளியே வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். எங்கள் கேட் வழக்கத்தையே எனக்கு எடுத்துச் சொன்னதால் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

நான் இதுவரை சொன்னது எதையும் முதல் விசாரணையில் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப் போவது அதைவிட மோசம்.

காலை 11.05 மணிக்கு மறுபடியும் அதே போன் அடித்தது. எழில்தான். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுக்காவிட்டால் அது நேரே கம்பெனிக்குக் கிளம்பி வந்துவிடும், மதினியைப் பார்க்கும், முதலில் பேசியது யார் என்று கேள்வி வரும் என்று பயந்தேன். எடுத்தேன். எழில், தம்பி வந்திருக்கிறார், நீங்கள்தான் அனுப்பினீர்களா, பிள்ளை போக மாட்டேன் என்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லியது. "நீங்க உங்க வாயால சொன்னாத்தான் அனுப்புவேன்" என்றது. பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அனுப்பிவிடு, மாமந்தான" என்று சொன்னேன்.

எழில் பிள்ளையிடம், உங்கம்மாதான் போகச் சொல்லுதாக என்று சொல்வது எனக்குக் கேட்டது. அழுகை நின்றுவிட்டது. சமாதானமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு போனைக் கட்டத்தில் வைத்தேன்.

மதியம் ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள குழாயில் மதினி கை கழுவ வந்தார். கையெல்லாம் வெள்ளி மருந்து. "எனக்குப் போன் எதுவும் வந்துச்சா பொன்மணி? பிள்ளை சாப்பிட்டாளான்னு தெரியல" என்று கேட்டார். வில்லை அவர் இடுப்பில்தான் இருந்தது, கேட்டிருந்தால் போனை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை அவர் மருந்து அறையில் இருக்க வேண்டுமே என்று, "இல்ல மதினி, நீங்க போயி வேலையப் பாருங்க" என்று சொன்னேன். அவர் போய்விட்டார்.

நாலு மணிக்கு மாரிக்கண்ணன் வரவில்லை. அவனுக்கு நான் போன் போட்டபோது அணைத்து வைத்திருந்தான். 4.10க்கு மதினி கைகால் கழுவி வெளியே வந்த பிறகு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மாரிக்கண்ணன் கூட்டிப்போயிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். உடம்புக்கு என்ன என்று சொல்லவில்லை. மதினி போனைக்கூட வாங்காமல் ஓடினார். ஓடும்போது ஒரு செருப்பு கேட்டிலேயே கழன்றுவிட்டது. அதை எடுத்து என் அறையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் 6.30 மணி வாக்கில் வேலை முடிந்து வேனில் போன பெண்கள் வெம்பக்கோட்டை அணைக்குப் போகிற வழியில் அந்தப் பிள்ளை ரோட்டோரம் கிடந்ததைப் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். மாரிக்கண்ணன் எங்கேயோ மாத்திரை வாங்கி விழுங்க வைத்ததாகவும், ரத்தம் நிற்காமல் போனதும் விட்டுவிட்டு ஓடியதாகவும் சொன்னார்கள். இதை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவனைச் சாத்தூரில் பிடித்தார்கள். பிள்ளை அந்த நிலைக்கு ஆளானதற்குக் காரணமே அவன்தான் என்பது அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மாமாவுக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளை ஏன் அழுதது என்பது எனக்கும் அன்றுதான் விளங்கியது. பிள்ளை பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டது.

24.09.2024 அன்று போலீசார் என்னிடம், முப்பத்தொன்றாம் நம்பர் போனில் 10.40க்கும் 11.05க்கும் யார் பேசியது என்று கேட்டார்கள். வில்லை கொடுத்தவர்களுக்குப் போனைக் கொடுப்பேன், சீசன் கூட்டத்தில் யார் வந்தார்கள் என்று ஞாபகம் இல்லை, மதினி வந்து பேசியிருக்கலாம் என்று சொன்னேன். பெத்தணன் அந்த நேரம் லோடு ஏற்றும் இடத்தில் இருந்ததால் அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

நான் சொன்ன அந்த ஒரு பொய்யால் நடந்தவை இவை. தாயார் போனில் சொன்னதால்தான் அனுப்பினேன் என்று எழில் சொல்லியது. நான் போனையே தொடவில்லை என்று மதினி சொன்னார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். எழிலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மதினி தெரிந்தே தம்பியோடு அனுப்பினார், தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவர் மேல் சந்தேகப்படுகிறார்கள். வடக்கேயிருந்து லாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அண்ணன் மதினியோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து 03.10.2024 அன்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் காப்பகத்தில் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்குப் பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டதாம். மதினி பார்க்கப் போனபோது வெளியே வரவில்லையாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் வாய்க்கு வந்ததைப் பேசித் தப்பித்திருப்பேன். அவர் வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொல்லி, முப்பத்தொன்றாம் நம்பர் வில்லையைத் தரையில் வைத்தார். அது அன்றிலிருந்து அவரிடமே இருந்திருக்கிறது. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான்தான் அவனோட போகச் சொன்னேன்னு எம்பிள்ள நம்பிக்கிட்டு இருக்கா பொன்மணி. எல்லாம் தெரிஞ்சும் எங்கம்மா அனுப்பிட்டான்னு அந்தப் பிள்ள மனசுல இருக்கு. போலீசு என்னை உள்ள போட்டாலும் போடட்டும். அவளுக்கு மட்டும் எப்படிச் சொல்லுவேன்?" என்று சொன்னார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மாமா பெயரைக் கேட்டு மேசைக் காலைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, அம்மா சொல்லிவிட்டாள் என்றதும் அழுகையை நிறுத்தியது எதனால் என்று எனக்கு அந்த நேரம் புரிந்தது. அதற்குச் சமாதானமாகவில்லை. இனி அழுது யாரைக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டது. மதினி எழுந்து போன பிறகு காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதைக் கொட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. என் கணவர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

அன்று கூட்டத்தில் எழில் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. யாரிடம் சொல்லட்டும் என்று பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன் என்றது. பிள்ளை கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். மாமாவுக்குத் தெரிய வேண்டாம், அம்மா மட்டும் வரட்டும் என்றது. இரண்டையும் கேட்ட காது என்னுடையது. பெற்றவளுக்குத் தெரிய வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தி எண்பத்து மூன்று சீட்டு வாங்கினேன். அந்தச் சேதி என் கைக்கே வந்தபோது, பெற்றவளை விட்டுவிட்டு, சேரக் கூடாதவனிடம் சேர்த்துவிட்டேன்.

எழில் மேல் எந்தத் தப்பும் இல்லை. மதினி காலை 8 மணியிலிருந்து 4.10 வரை கேட்டைத் தாண்டவில்லை, போனைத் தொடவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. அவர் விட்டுப்போன தகர வில்லையையும் ஒரு செருப்பையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். என் மேல் என்ன வழக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்காக யாரிடமும் பேச வேண்டாம் என்று முதலாளிக்கும் சொல்லிவிட்டேன்.

இதைக் கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் காப்பகத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று உதவி ஆய்வாளர் அம்மாவைக் கேட்டேன். குழந்தைகள் நலக் கமிட்டியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும், உறுதி கொடுக்க மாட்டேன் என்றார்கள். முழுவதையும் வாசிக்க முடியாவிட்டால் இந்தக் கடைசி வரிகளை மட்டுமாவது வாசிக்கும்படி கேட்டு, அப்படியே எழுதச் சொன்னேன்: உங்கம்மாவுக்கு அன்று எதுவும் தெரியாது. உன்னை அனுப்பச் சொன்னது உங்கம்மா இல்லை. அது உன் அத்தை பொன்மணியின் குரல். நீ சாப்பிட்டாயா என்றுதான் உங்கம்மா கேட்டாள்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். இதில் நான் யாருக்கும் பயந்து சொன்னதும் இல்லை, மறைத்ததும் இனி இல்லை. சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று இன்றும் சொன்னார்கள். நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிப் போட்டேன்.

(ஒப்பம்) ஊ. பொன்மணி

என் முன்பாக,
கற்பகம்,
உதவி ஆய்வாளர்
07.10.2024, பகல் 1.35 மணி